தாமானின் அடிநுனி: பாய்க்கயிற்றை எங்கே கட்டுவது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை வகுப்பில் பழைய கடல் வணிகம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு படங்கள் கொண்டு போயிருந்தேன். ஒன்று அரபுக் கடலில் ஓடிய பழைய பாய்க்கப்பல். மற்றது இன்றைய போட்டிப் படகு. நெல் வயலும் குளக்கட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பாய்க்கப்பலை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் கடைசி வாங்கிலிருந்த ஒரு பொடியன் கேட்ட கேள்வி என்னை ஒரு கிழமையாக விடவில்லை.

"ரீச்சர், புதுப் படகில குறுக்கால ஒரு தண்டவாளம் கிடக்கு. பழசில அது இல்லை. அது எதுக்கு?"

அரைகுறையாக ஒரு பதில் சொன்னேன். மணி அடித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னுடைய மூத்தாப்பா எனக்குச் சின்ன வயதில் நூலும் நெருப்புக்குச்சியும் வைத்துச் சொல்லித்தந்த விசயம் என்று நினைவு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பாய்மரத்தில் விரியும் பாய் காற்றைப் பிடிக்க வேண்டும் என்றால் அதன் கீழ்மூலையை ஒரு கயிறு பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிற்றை இறுக்கினால் பாய் உள்ளே வரும், தளர்த்தினால் வெளியே போகும். மூத்தாப்பா அதைத் 'தாமான்' என்பார். பாரசீகத்திலும் உருதிலும் 'தாமன்' என்றால் உடுப்பின் கீழ் ஓரம். இந்து சமுத்திரம் முழுக்கக் கப்பல் ஓடிய லஸ்கார் மாலுமிகளின் பேச்சிலும் பாயின் இந்தக் கயிற்றுக்கு அதே சொல்தான். அரபியரும் பாரசீகரும் குஜராத்தியரும் மலபாரியரும் எங்கள் மரக்காயர்மாரும் பரதவரும் கரையாரும் ஒரே கடலில் வேலை செய்ததால், ஒருவரின் சொல் மற்றவரின் வாயில் ஒட்டிக்கொண்டது. வரலாற்றுப் புத்தகம் 'பண்பாட்டுத் தொடர்பு' என்று பெரிதாக எழுதுவதை அந்த ஒரு கயிற்றின் பெயரிலேயே காணலாம்.

பழைய அரபுப் பாயின் கீழ் ஓரத்தில் கட்டை இல்லை. துணி சும்மா தொங்கும். அதனால் தாமானை ஒரே இடத்தில் நிரந்தரமாகக் கட்டத் தேவை இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கத்தில், பின்னுக்குப் போய் ஆட்கள் பிடித்து இழுத்துக் கட்டுவார்கள். கப்பலை மறுபக்கம் திருப்ப வேண்டும் என்றால் பாயோடு பருமல்மரத்தையும் மரத்தைச் சுற்றி மாற்றிக் கொண்டுவர வேண்டும். அது பத்துப் பேர் சேர்ந்து பாட்டுப் பாடிச் செய்யும் வேலை. ஆட்கள் இருந்த காலத்தில் தண்டவாளம் எதற்கு?

நீர்கொழும்புப் பக்கம் போனவர்கள் 'ஒருவ' என்ற ஓடத்தைக் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் மிதவைக்கட்டை கட்டிய ஒடுங்கிய ஓடம், மேலே பெரிய பழுப்புப் பாய். அதன் மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் திரும்பும்போது அவர்கள் ஓடத்தைத் திருப்புவதே இல்லை. முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கிவிடுவார்கள்! இரண்டு நுனியும் ஒரே மாதிரிச் செதுக்கப்பட்டவை. பாயின் கயிறு ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்கு மாறும், சுக்கானும் மாறும். எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு எவ்வளவு அழகான விடை பாருங்கள்.

பிரச்சினை தொடங்கியது பாயின் கீழே நீளமான ஒரு கட்டை வந்த பிறகு. ஐரோப்பாவின் சிறு கப்பல்களிலும், பிறகு எங்கள் கரையில் அந்த முறையில் கட்டப்பட்ட கப்பல்களிலும், பின்பாயின் அடியில் கட்டை உண்டு. அதன் ஒரு முனை பாய்மரத்தில் கீல் மாதிரிப் பூட்டியிருக்கும். மற்ற முனை வாசல்கதவு போல இரண்டு பக்கமும் ஆடும். தாமான் இப்போது துணியை அல்ல, கட்டையைப் பிடிக்கிறது.

வல்வெட்டித்துறையில் 1930ல் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' கப்பலைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் அதை வாங்கிப் பெயர் மாற்ற, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை 1937ல் ஓட்டத் தொடங்கி, சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் கடந்து 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அப்படியான இரட்டைமரக் கப்பல்களில் பின்பாயின் கட்டை கப்பலின் கடைசி வரை நீளும். எனவே தாமான் கடையாரில், அதாவது பின்பக்கத்தில்தான் இறங்கும். தெரிவு செய்ய வேறு இடம் இல்லை.

ஆனால் ஒரே புள்ளியில் கட்டினால் ஒரு தொல்லை. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வகுப்பில் கதவுக்குக் கயிறு கட்டினேன். கயிறு இரண்டு வேலை செய்கிறது. கட்டையை உள்ளே இழுக்கிறது. அதோடு கீழேயும் இழுக்கிறது. கட்டை படகின் நடுவில் நிற்கும்போது கயிறு நேரே கீழ்நோக்கி இழுக்கும். கட்டை வெளியே போகப் போக, கயிறு சாய்ந்துவிடும். கீழ் இழுவை குறையும். கட்டை மேலே எழும்பும், பாய் பொம்மும், படகு சரியும்.

இதற்கு வடகடல் மாலுமிகள் கண்ட வழி எளிமையானது. தளத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புத் தண்டைப் பூட்டினார்கள். தாமானின் கப்பி அந்தத் தண்டில் வளையத்தோடு வழுக்கி ஓடும். ஆங்கிலத்தில் அதற்குக் 'குதிரை' என்று பெயர். தேம்ஸ் நதியின் சரக்குப் பாய்ப்படகுகளில் இரும்புக்குப் பதிலாகப் பருத்த மர உத்தரமே குறுக்கே கிடக்கும். படகு பக்கம் மாறும்போது கப்பி தானாகவே 'தடக்' என்று மறுபக்கம் ஓடிவிடும். யாரும் எழும்பிப் போய் அவிழ்த்துக் கட்டத் தேவையில்லை. அதனால்தான் பெரிய சரக்குப் படகை ஒரு ஆளும் ஒரு பொடியனும் ஓட்டினார்கள். அந்தப் படகுகளில் 'கேம்ப்ரியா' என்பது 1970 வரை எஞ்சின் இல்லாமல் பாயிலேயே சரக்கு ஏற்றியது.

அந்தப் பொடியன் கண்ட தண்டவாளம் இந்தக் குதிரையின் பேரன். இப்போது அதை 'டிராவலர்', அதாவது பயணி என்கிறார்கள். பழைய குதிரையில் கப்பி தன் பாட்டுக்கு ஓடும். புதியதில் அது ஒரு சின்னச் சில்லுவண்டி. இரண்டு பக்கமும் மெல்லிய கயிறு கட்டி, நாம் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹார்கன் சகோதரர்கள் பிளாஸ்ரிக் குண்டுகள் வைத்த கப்பிகளைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு அந்தக் குண்டுகள் தண்டவாள வண்டிக்கும் வந்தன. பெரும் பாரத்திலும் அது இலேசாக ஓடியது.

பயன் என்ன? காற்று குறைவாக இருக்கும்போது வண்டியைக் காற்றுப் பக்கம் இழுத்தால், கயிற்றை இறுக்காமலே கட்டை நடுவுக்கு வரும். பாய் மென்மையாக வளைந்திருக்கும். காற்று பலத்தால் வண்டியை மறுபக்கம் விட்டால், கட்டை வெளியே போகும், ஆனால் கீழ் இழுவை குறையாது. பாய் தட்டையாகவே நின்று படகு நிமிரும். உள்ளே இழுப்பதும் கீழே இழுப்பதும் இரண்டு வேலையாகப் பிரிந்துவிட்டன.

இனித்தான் உண்மையான கேள்வி. இந்தத் தண்டவாளத்தைப் படகின் எந்த இடத்தில் போடுவது? மூன்று இடம் உண்டு.

முதலாவது கடையார். கட்டையின் கடைசி நுனியில் கயிறு பிடிப்பதால் குறைந்த பலம் போதும். விஞ்ஞான ரீச்சர் சொல்லித்தந்த நெம்புகோல்தான் இது: சுழலும் இடத்திலிருந்து தூரம் கூடினால் பலம் குறையும். கட்டையும் வளையாது. நடுவில் ஆட்கள் இருக்க இடம் கிடைக்கும். குறை என்னவென்றால் கயிறு சுக்கான் பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால். அவசரத்தில் திரும்பிப் பார்க்க வேண்டும். கட்டையின் நுனி ஆடும் வட்டம் பெரியது, படகின் பின்பக்கமோ ஒடுங்கியது. எனவே அங்கே போடும் தண்டவாளம் அந்த வட்டத்தில் சிறு பகுதிக்கு மட்டுமே போதும்.

இரண்டாவது படகின் நடு. கயிறு கைக்குப் பக்கத்தில். மரத்துக்குக் கிட்ட வரும்போது வட்டம் சிறிதாகும், ஆகவே அதே நீளத் தண்டவாளம் கூடிய கோணத்தை ஆளும். ஆனால் கட்டையின் நடுவில் பிடிப்பதால் இரட்டிப்புப் பலம் வேண்டும். வகுப்பில் தும்புத்தடி ஒன்றை வைத்துச் செய்து பார்த்தோம். நுனியில் விற்றராசு 1 கிலோ காட்டிய அதே சுமைக்கு, நடுவில் 2 கிலோ காட்டியது. கட்டை வளையும், மெலிந்ததென்றால் முறியும். இருப்பவரின் முழங்காலிலும் தண்டவாளம் இடிக்கும்.

மூன்றாவது அறைக்கூரையின் மேல். கீழே இடம் முழுக்க வெளி. பிள்ளைகுட்டியோடு போகிறவர்களுக்கு நல்லது; கட்டை திடீரென மறுபக்கம் அடிக்கும்போது கயிறு யாருடைய கழுத்திலும் சுற்றாது. ஆனால் மரத்துக்கு இன்னும் கிட்ட என்பதால் பாரம் இன்னும் கூடும். கப்பிகளைக் கூட்ட வேண்டும், சுக்கான்காரருக்குக் கை எட்டாது.

ஆகவே "எது சரி?" என்று கேட்டால் விடை இல்லை. "யார் ஓட்டுவது, எத்தனை பேர், எதற்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்தக் கதையில் எங்கள் நாட்டவர் ஒருவரும் இருக்கிறார், அவரைக் கேட்டால் எங்கள் விவசாயிகள் சிரிப்பார்கள். வயலில் நீங்கள் 'லான்ட்மாஸ்டர்' என்று சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம் இருக்கிறதே, 1950களில் அதை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர். அதே மனிதர் 1968 ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ப்படகும் ஓட்டினார். மெக்சிக்கோவின் அகபுல்கோ கடலில், 'ஃபின்' என்ற வகைப் படகில். சுவீடனின் ரிக்கார்ட் சார்பி 1949ல் வரைந்த அந்தப் படகுக்கு ஒரே பாய், ஒரே ஆள். தனியாள் சுக்கானையும் பிடித்து, உடம்பை வெளியே சரித்து, கயிற்றையும் ஆள வேண்டும். எனவே ஃபின்னில் தண்டவாளம் நடுவில். பாரம் கூடினாலும் பரவாயில்லை, கைக்கு எட்ட வேண்டும் என்ற தெரிவு அது. லான்ட்மாஸ்டரின் நீண்ட இரண்டு கைபிடிகளை நினைத்துப் பாருங்கள். அதுவும் நெம்புகோல், அதுவும் ஒரு ஆளின் கைக்குள் எல்லாம் வர வேண்டும் என்ற கணக்கு.

பிறகு கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேர்பி வரைந்து 1971ல் சந்தைக்கு வந்த 'லேசர்' படகு இரண்டையும் சேர்த்தது. அதில் தண்டவாளமே இல்லை. கடையாரில் குறுக்கே ஒரு கயிறு, அதில் ஓடும் ஒரு கப்பி. தாமான் அங்கிருந்து கட்டையின் நுனிக்கு ஏறி, கட்டை நெடுக முன்னுக்கு வந்து, நடுவில் இறங்கி ஓட்டுபவரின் கைக்கு வருகிறது. இழுவை நுனியில், பிடி நடுவில். செலவும் குறைவு. உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். 1996 முதல் அது ஒலிம்பிக்கிலும் ஓடுகிறது.

இதை எழுதும்போது எனக்கு மூத்தாப்பாவின் குரல் கேட்கிறது. அவர் மன்னார்த் தீவில் வள்ளம் ஓட்டியவர். 1958க்குப் பிறகு அரசாங்கம் எஞ்சின் படகுகளைக் கொடுக்கத் தொடங்கியும், அவர் நெடுநாள் பாயை விடவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவு ஆட்கள் கடல்வழியாகக் கல்பிட்டிக்குப் போனார்கள். எனக்கு வயது இரண்டு, உம்மாவின் மடியில். நாங்கள் ஏறியது இன்னொருவரின் எஞ்சின் படகு. மூத்தாப்பாவின் வள்ளம் கரையில் கிடந்தது. அதைப் பிறகு அவர் காணவேயில்லை.

புத்தளத்து முகாமில், ஓலைக்கொட்டிலின் வாசலில் இருந்து, எனக்கு வள்ளம் காட்டுவார். நெருப்புக்குச்சி பாய்மரம், பழைய நூல் தாமான். ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: "தாமானைக் கட்டாதே மகள், பிடி. கட்டினால் அது உன்ட கையில இல்லை, காற்றின்ட கையில."

இதே காலத்தில் உங்கள் குடும்பங்கள் கிளாலிக் கடலில் இரவிரவாகப் போய் வந்தன. ஒரு எஞ்சின் படகின் பின்னால் கோர்த்து இழுக்கப்பட்ட படகுகளில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தக் கதைகளை எங்கள் பாடசாலைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் ஒரு கடலில் போனோம், நீங்கள் ஒரு கடலில் போனீர்கள். இரண்டு பக்கத்திலும் கடலை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அந்த வருடங்களில் கரையை விட்டுத் தூரமானார்கள்.

அது வெறும் பழங்கதை இல்லை என்பது 2022ல் விளங்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்கள் கரையில் இருந்தார்கள். அந்த ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. ஊருக்குத் திரும்பியிருந்த என் மாமா, தன் பைபர் படகில் ஒரு கம்பை நட்டு, படங்கில் பாய் தைத்து, மூங்கிலைக் கட்டையாக்கினார். தாமானைக் கடையாரின் ஒரு பக்கக் கொளுக்கியில் இறுக முடிச்சுப் போட்டார். சோளகம் பலத்து ஒரு அடி அடித்தது. முடிச்சு நனைந்து இறுகிவிட்டது, அவிழவில்லை. படகு சரிந்து தண்ணீர் ஏறியது. கூடப் போனவர் கத்தியால் கயிற்றை வெட்டியதால் அல்லாஹ்வின் உதவியால் இருவரும் தப்பினார்கள்.

அன்றிரவு தொலைபேசியில் உம்மா மாமாவைப் பேசினா. "வாப்பா சொன்னதை மறந்திட்டியா? குறுக்கால கயிறு போடு, கப்பி ஓடட்டும், நுனியைக் கையில பிடி." கடலுக்கே போகாத என் உம்மா!

மாமா கடையாரில் குறுக்குக் கயிறு போட்டுப் பார்த்தார். எஞ்சினின் தலையில் கப்பி மாட்டியது. சரி என்று எஞ்சினுக்கு முன்னால் இருந்த குறுக்குப் பலகைக்கு அதை நகர்த்தினார். இப்போது இழுவை பாரமானது, மூங்கிலும் வில்லாக வளைந்தது. இன்னொரு கப்பி சேர்த்து, இரண்டு மூங்கிலை ஒன்றாக வரிந்தார். போட்டிப் படகு செய்பவர்கள் கணக்குப் போட்டுக் கண்ட அதே மூன்று உண்மைகளை மாமா ஒரு கிழமையில் தன் உள்ளங்கைக் கொப்புளத்தில் கண்டார். எதிர்க்காற்றுக்கு அந்தப் படகு ஏறாது. ஆனால் பக்கக்காற்றில் வலைக்குப் போய்வர அது சில வாரம் உதவியது. மண்ணெண்ணெய் கிடைத்ததும் பாயைச் சுருட்டி வைத்தார். அதில் பிழை இல்லை. எஞ்சின் உழைப்பைக் குறைக்கிறது, வேளைக்கு வீடு சேர்க்கிறது. ஆனால் பாயை அவர் எறியவில்லை.

பாய்க்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. ஒரு அறிவு தேவைப்படும் நாளில் அது இல்லாமல் போனால், அதை மறுபடி கற்பதற்கான கட்டணம் ஒரு உயிராகவும் இருக்கலாம். அன்று ஒரு கத்தி கைக்கு எட்டியதால் அந்தக் கட்டணம் ஒரு கயிற்றோடு முடிந்தது. ஒரு பெண்பிள்ளையின் காதில் விழுந்து முப்பது வருடம் கிடந்த ஒரு வசனம்தான் அடுத்த நாள் மாமாவைப் பாதுகாத்தது. அந்த வசனத்தை ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

எனவே உறவுகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கந்தபுரத்தில் இன்று வயல் செய்யும் குடும்பங்களில் கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்களும் உண்டு. பூநகரிப் பக்கம், முல்லைத்தீவுப் பக்கம், தீவுப்பக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாயின் கயிற்றுக்கு நீங்கள் என்ன பெயர் சொன்னீர்கள்? அதை எங்கே கட்டினீர்கள்? வாடைக்கு எப்படி, சோளகத்துக்கு எப்படி? பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். அந்தக் கொப்பிகளை எங்கள் வரலாற்றுப் பாடத்தில் வாசிக்க நான் ஆயத்தம். தமிழர், முஸ்லிம் என்று பிரிக்காமல் எல்லா வீட்டுச் சொற்களும் ஒரே இடத்தில் சேரட்டும். கடலில் அவை அப்படித்தான் இருந்தன.

நாளைக்கு அந்தப் பொடியனுக்கு முழுப் பதிலும் சொல்லப் போகிறேன். பழைய கப்பலில் தண்டவாளம் இல்லாததற்குக் காரணம் அறிவு இல்லாததல்ல, ஆட்கள் இருந்தது. ஆட்கள் குறையக் குறையக் குதிரை வந்தது. தனியாள் ஓட்டத் தொடங்கியபோது அது நடுவுக்கு வந்தது. குடும்பம் ஏறியபோது கூரைக்குப் போனது. கயிறு எங்கே இறங்குகிறது என்று பார்த்தால், அந்தப் படகில் யார் இருந்தார்கள் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நெருப்புக்குச்சியும் நூலும் கொடுத்து, ஆளுக்கொரு வள்ளம் செய்யச் சொல்வேன். அக்கராயன் குளத்துக் காற்றில் விட்டுப் பார்க்கலாம். நூலை மட்டும் கட்டவேண்டாம், கையில் பிடிக்கட்டும்.

வஸ்ஸலாம்.